பார்த்துச் சொல்வதற்கும் கூலி கொடுப்போம்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கார் வைத்திருப்பவர்களும், அடுத்தவர் காரில் ஏறிப் போகிறவர்களும் பொறுமையாகப் படித்துவிடுங்கள். காரின் முன் சக்கரத்துக்கு உள்பக்கம், கண்ணில் படாத இடத்தில் இருக்கும் பால் ஜாயிண்ட் என்ற சின்ன உறுப்பைப் பற்றி எழுதுகிறேன். "டீச்சருக்கு எதுக்கு இந்த மெக்கானிக் வேலை?" என்று சிலர் கமெண்ட் போடுவீர்கள், தெரியும். நான் கார் ஓட்டுகிறவள் அல்ல, ஏறிப் போகிறவள். அதனால்தான் எழுதுகிறேன். சக்கரம் மடங்கினால் ஓட்டுகிறவருக்கு மட்டுமா அடிபடும்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பால் ஜாயிண்ட் தேயத்தான் செய்யும். இரும்பும் தேயும், நம் முழங்காலும் தேயும். தேய்ந்ததை யாருமே குனிந்து பார்க்காமல் இருப்பதுதான் ஆபத்து. ஏன் பார்ப்பதில்லை? பார்க்கிறவருக்கு நாம் கூலி கொடுப்பதில்லை. மாற்றினால் காசு கொடுப்போம். பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்று சொன்னால் கை கூப்பிவிட்டு வந்துவிடுவோம். இந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டும்.

முதலில் அது என்ன என்று பார்ப்போம்.

பள்ளியில் அறிவியல் பாடத்தில் பந்துக் கிண்ண மூட்டு என்று படித்திருப்பீர்கள். தோள்பட்டையிலும் இடுப்பிலும் இருப்பது. எலும்பின் உருண்டையான தலை ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் கையை எல்லாப் பக்கமும் சுற்ற முடிகிறது. முழங்கையில் இருப்பது கீல் மூட்டு, கதவு மாதிரி ஒரே திசையில்தான் மடங்கும். காரின் முன் சக்கரத்துக்குக் கீல் மூட்டு போதாது. பள்ளத்தில் இறங்கினால் சக்கரம் மேலும் கீழும் போக வேண்டும். அதே நேரம் ஸ்டியரிங்கைத் திருப்பினால் இடமும் வலமும் திரும்ப வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் செய்ய ஒரு பந்துக் கிண்ண மூட்டு வேண்டும். அதுதான் பால் ஜாயிண்ட்.

உருண்டைத் தலை உள்ள ஒரு எஃகு முளை. அந்தத் தலை ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். நடுவில் வழவழப்பான ஒரு பிளாஸ்டிக் உறையும் கிரீஸும். மேலே ரப்பர் மூடி, அதை மெக்கானிக்குகள் பூட் என்பார்கள். பெரும்பாலான சின்னக் கார்களில் கிண்ணம் லோயர் ஆர்மின் முனையில் இருக்கும். முளை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் மாட்டியிருக்கும். வண்டியின் எடை ஷாக் அப்சார்பர் வழியாக மேலே போய்விடும். ஆனால் பிரேக் போடும்போதும், வளைவில் திரும்பும்போதும், குழியில் விழும்போதும் சக்கரத்தின் கீழ்ப்பக்கத்தை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பது இந்த மூட்டுதான். மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம் உள்ள பெரிய வண்டிகளில் பக்கத்துக்கு இரண்டு பால் ஜாயிண்ட் இருக்கும். அதில் ஒன்று வண்டியின் எடையையும் சேர்த்துச் சுமக்கும்.

இது கெடுவது எப்படி? பெரும்பாலும் ரப்பர் பூட்டிலிருந்துதான் ஆரம்பம். வயதாகி ரப்பர் வெடிக்கும், அல்லது கல் பட்டுக் கிழியும். நம் பக்கத்துச் செம்மண் தூசியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்துக்குப் போகும் மண் பாதையில் காலையில் தூசி, மழை பெய்தால் சேறு. கிழிந்த பூட் வழியாக அது உள்ளே போகும். கிரீஸ் வெளியே வரும். அப்புறம் மண்ணும் தண்ணீரும் சேர்ந்து, அம்மியில் அரைப்பது போல உருண்டையை அரைக்கும். கிண்ணத்துக்கும் உருண்டைக்கும் நடுவில் இடைவெளி விழும். மெக்கானிக் பாஷையில் "பிளே வந்துடுச்சு". அந்த இடைவெளி வளர்ந்துகொண்டே போனால் ஒரு நாள் உருண்டை கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடும். அந்த நொடியில் சக்கரத்தின் கீழ்ப்பகுதியைப் பிடிக்க எதுவும் இருக்காது. சக்கரம் மடங்கும், வண்டியின் மூக்கு கீழே இறங்கும், ஸ்டியரிங் கையில் இருந்தும் பயனிருக்காது. வடகாடு வழியாகப் பாச்சலூர் ஏறும்போதோ, கொடைக்கானலிலிருந்து பழனி மலைப் பாதையில் இறங்கும்போதோ இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

உறுப்பு நல்ல கம்பெனியிலிருந்து வந்ததா, வண்டி புதிதா என்பதெல்லாம் முழுப் பாதுகாப்பு இல்லை. 2005-இல் அமெரிக்காவில் டொயோட்டா நிறுவனமே ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை இந்த ஒரு உறுப்புக்காகத் திரும்ப அழைத்தது. தயாரிக்கும்போது உருண்டையின் மேற்பரப்பில் கீறல் விழுந்திருக்கலாம், அதனால் சீக்கிரம் தேயலாம் என்பது காரணம். ஒரு கீறலுக்காக அத்தனை வண்டிகளை அழைத்துப் பார்த்தார்கள். நாம் கிழிந்த பூட்டோடு பத்து வருடம் ஓட்டுகிறோம்.

நல்ல விஷயம் என்னவென்றால், பால் ஜாயிண்ட் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் கெடும். வேகத்தடை ஏறி இறங்கும்போது முன்பக்கம் "டக்" என்று ஒரு சத்தம். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் "கிர்" என்று ஒரு முனகல். நேர் ரோட்டில் வண்டி ஒரு பக்கமாக அலைவது. முன் டயர் ஒரு ஓரம் மட்டும் மொட்டையாவது. பூட்டைச் சுற்றிக் கறுப்பாகக் கிரீஸ் வழிந்திருப்பது. இவற்றில் சில, ஸ்டெபிலைசர் லிங்க், ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட் தேய்ந்தாலும் வரும். அதனால் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு "இதுதான்" என்று முடிவு கட்டக் கூடாது. தூக்கிப் பார்க்க வேண்டும்.

இந்தச் சத்தம் ஓட்டுகிறவரைவிடப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு நன்றாகக் கேட்கும். அவருக்குத் தினமும் கேட்டுப் பழகிப் போயிருக்கும். வீட்டுப் பெண்கள் "என்னங்க, முன்னாடி ஏதோ டக்கு டக்குனு கேக்குதே" என்றால் "உனக்கு என்ன தெரியும், ரேடியோவைப் போடு" என்று சொல்லாதீர்கள். காது கேட்க டிரைவிங் லைசென்ஸ் தேவையில்லை.

சரி, எப்படிப் பார்ப்பது? என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த ஒரு பையன் இப்போது நம் ஊரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். அவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

சின்னக் கார் என்றால் பாடிக்குக் கீழே அதற்குரிய இடத்தில் ஜாக்கி வைத்து, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்படி தூக்குகிறார். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுக்கிறார். சக்கரத்தை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். 12 மணி இடத்தில் ஒரு கை, 6 மணி இடத்தில் ஒரு கை வைத்து உள்ளும் வெளியுமாக ஆட்டுகிறார். கூட இருக்கும் பையன் டார்ச் அடித்து ஜாயிண்டைப் பார்க்கிறான். ஆட்டம் தெரிந்தால், ஒருவரை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டுகிறார். ஆட்டம் நின்றுவிட்டால் பெரும்பாலும் வீல் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் அல்லது சஸ்பென்ஷனில் வேறு ஒரு இணைப்பு. பிறகு 9 மணி, 3 மணி இடங்களைப் பிடித்து ஆட்டுகிறார். அது ஸ்டியரிங்கின் டை ராட் எண்டுக்கு. கடைசியாக ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவில் லிவர் கொடுத்து மெல்ல நெம்பிப் பார்க்கிறார்.

இரண்டு ஆர்ம் உள்ள பெரிய வண்டியில், ஸ்பிரிங் கீழ் ஆர்மில் உட்கார்ந்திருந்தால், ஜாக்கியை அந்தக் கீழ் ஆர்முக்கு அடியில்தான் வைக்க வேண்டுமாம். பாடியில் வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங்கின் அழுத்தமே ஜாயிண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்த ஜாயிண்டும் நல்ல பிள்ளை மாதிரி ஆடாமல் இருக்கும். தெரியாதவர் பார்த்தால் "ஓகே" சொல்லிவிடுவார்.

இவ்வளவும் செய்ய இருபது நிமிடம் ஆகிறது. இரண்டு ஆள் வேலை. கண்ணும் கையும் அனுபவமும் வேண்டும். இதற்கு எவ்வளவு வாங்குகிறாய் என்று கேட்டேன். சிரித்தார்.

"டீச்சர், ஜாயிண்டை மாத்தினா கூலி தர்றாங்க. மாத்த வேண்டியதில்லைன்னு சொன்னா டீ காசுகூடத் தர்றதில்லை. 'பார்த்ததுக்கெல்லாமா காசு?'ன்னு கேக்கறாங்க. அப்புறம் நான் எதுக்கு டீச்சர் வண்டியைத் தூக்கணும்?"

இந்தக் கேள்விக்கு நாம் எல்லோரும் பதில் சொல்ல வேண்டும். நல்லது என்று சொன்னால் பைசா இல்லை, கெட்டுப் போச்சு என்று சொன்னால் கூலி உண்டு என்று நாமே ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம். நேர்மையான மெக்கானிக் பார்ப்பதையே விட்டுவிடுகிறார். நேர்மை இல்லாதவர் நல்ல ஜாயிண்டையும் மாற்றச் சொல்கிறார். பிறகு "மெக்கானிக் எல்லாம் ஏமாத்துறாங்க" என்று நாம் புலம்புகிறோம். டாக்டர் நாடி பார்த்து "ஒன்றுமில்லை, போய் வாங்க" என்றால் ஃபீஸ் கொடுக்காமல் வருகிறோமா? அந்த வார்த்தைக்குத்தானே சந்தோஷமாகக் கொடுக்கிறோம்!

பழைய காலத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. அம்பாசிடர் வண்டியின் முன்பக்கத்தில் கிரீஸ் அடிக்கும் நிப்பிள்கள் இருக்கும். குறிப்பிட்ட தூரம் ஓடியதும் கிரீஸ் அடித்தே ஆக வேண்டும். கிரீஸ் அடிக்க வந்தவர் கீழே படுத்தார். படுத்தவர் கண்ணில் மற்றதும் பட்டது. "அண்ணே, இது தேஞ்சிருக்கு" என்று சொன்னார். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு முன்பக்க அமைப்பே மாறியது. மூடிய பால் ஜாயிண்ட், கிரீஸ் அடிக்கும் வேலையே இல்லை. வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் கிரீஸோடு சேர்த்து, குனிந்து பார்க்கும் சந்தர்ப்பமும் போய்விட்டது. பராமரிப்பு தேவையில்லை என்றால் பார்க்கவும் தேவையில்லை என்று நாமாக அர்த்தம் பண்ணிக்கொண்டோம்.

சரி, அரசாங்கம் பார்க்காதா என்று கேட்பீர்கள். மஞ்சள் போர்டு டாக்ஸி, லாரி, வேன் போன்றவற்றுக்கு எஃப்.சி. உண்டு. வண்டிக்கு எட்டு வயது ஆகும் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும். ஆனால் நம் சொந்தக் காருக்கு? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகுதான் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி ஐந்து ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். நடுவில் புகைச் சான்றிதழ் கேட்பார்கள், இன்சூரன்ஸ் கேட்பார்கள். புகைக் குழாயில் கருவியை விட்டுப் பார்க்கிறவர் சக்கரத்துக்குப் பின்னால் பார்ப்பதில்லை. ஒரு குழந்தை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கல்லூரியில் பாதி படிப்பையும் தாண்டும் வரை, அந்த வீட்டுக் காரின் பால் ஜாயிண்டை யாரும் பார்க்க வேண்டும் என்று சட்டம் கேட்காது.

பிரிட்டனில் வண்டிச் சோதனையை 1960-இல் தொடங்கினார்கள். முதலில் பத்து வயதான வண்டிகளுக்கு மட்டும். 1967-இல் அதை மூன்று வயதாகக் குறைத்தார்கள். இங்கிலாந்தில் இன்று மூன்று வயதைத் தாண்டிய சொந்தக் காரையும் ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஸ்டியரிங், சஸ்பென்ஷன் மூட்டுகளில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பதும் அதில் அடக்கம். சோதனைக்குக் கட்டணம் உண்டு, வண்டி நன்றாக இருந்தாலும் கட்ட வேண்டும். பார்ப்பதும் ஒரு வேலை என்று அந்த ஊர் ஒத்துக்கொண்டிருக்கிறது.

நம் நாட்டிலும் சொந்தக் காருக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது இப்படி ஒரு சோதனை வேண்டும் என்பது என் கருத்து. "அதிலும் லஞ்சம்தான் நடக்கும்" என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. அதனால்தான் சட்டம் வரும் வரை காத்திருக்கச் சொல்லவில்லை. நம் கையில் இருப்பதைச் செய்வோம். ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது மெக்கானிக்கிடம் போய், "தம்பி, முன்பக்கம் பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், புஷ் எல்லாம் தூக்கிப் பார்த்துச் சொல்லுங்க. பார்க்கிறதுக்குக் கூலி தனியா தர்றேன். நல்லா இருந்தாலும் தருவேன்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். இருநூறோ முந்நூறோ, பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நல்லது என்று சொன்னாலும் காசு கிடைக்கும் என்று தெரிந்த மனிதர் பொய் சொல்ல என்ன அவசியம்?

பக்கத்தில் நின்று பாருங்கள். "தேஞ்சிருக்கு" என்றால் "எங்கே, ஆட்டிக் காட்டுங்க" என்று கேளுங்கள். மாற்றினால் பழைய உருப்படியை வாங்கிக்கொள்ளுங்கள். இதெல்லாம் அவமரியாதை இல்லை. நல்ல மெக்கானிக் சந்தோஷமாகக் காட்டுவார்.

மாற்ற வேண்டி வந்தால் கவனிக்க வேண்டியவை சில:

1. தேய்ந்த கிண்ணத்தைச் சுத்தியலால் அடித்து இறுக்குவது, வெல்டிங் வைப்பது, ஊசி போட்டுக் கிரீஸ் ஏற்றுவது, இவை எதற்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். சத்தம் சில நாள் நிற்கும். இடைவெளி அப்படியேதான் இருக்கும். எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்ததாகத்தான் ஆகும்.

2. பல சின்னக் கார்களில் பால் ஜாயிண்ட் லோயர் ஆர்மோடு சேர்ந்தே வரும். கம்பெனி முறைப்படி ஆர்மையே மாற்ற வேண்டும். சில வண்டிகளில் தனியாக மாற்றலாம். உங்கள் வண்டிக்கு எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சின்னக் காரின் ஆர்ம் விலை பெரும்பாலும் ஒரு புது டயர் விலையைவிடக் குறைவுதான். தேய்ந்த ஜாயிண்ட் அந்த டயரையும் சேர்த்துத் தின்றுவிடும்.

3. பெயர் தெரிந்த கம்பெனிப் பொருளை, பில்லோடு வாங்குங்கள். விளம்பரத்துக்காகச் சொல்லவில்லை, சென்னையில் 1929-இல் தொடங்கிய ராணே குழுமம் போன்றவர்கள் நம் மாநிலத்திலேயே ஸ்டியரிங், சஸ்பென்ஷன் பால் ஜாயிண்ட் தயாரிக்கிறார்கள். இப்படி நல்ல பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது பெயரில்லாத டப்பாவை எடுப்பானேன்?

4. ஜாயிண்டை நக்கிளிலிருந்து பிரிக்கப் புல்லர் வைத்து எடுப்பது நல்லது. கண்டபடி அடித்தால் பக்கத்தில் உள்ள பூட், டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் பாதிக்கும். கழற்றிய லாக் நட், ஸ்பிளிட் பின் இருந்தால் புதிதாகப் போட வேண்டும்.

5. ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டைக் கடைசியாக இறுக்கும்போது, வண்டியின் எடை சக்கரத்தில் இருக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

6. ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் மறு பக்கமும் அதே தூரம் ஓடியதுதான். அதையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் செய்யுங்கள்.

"இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலிசியைப் பிரித்துப் படியுங்கள். தேய்மானமும் இயந்திரக் கோளாறும் அதில் சேராது என்று எழுதியிருக்கும். இனிமேல் தேய்கிற ஜாயிண்டுக்கு அவர்கள் பணம் தர மாட்டார்கள். பணம் தந்தாலும் உயிருக்கு ஈடாகுமா என்பது வேறு விஷயம்.

கடைசியாக ஒன்று. இது என் கார், என் உயிர், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சிலர் நினைக்கலாம். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் நம் ஊர் வழியாகப் பழனிக்கு எத்தனை ஆயிரம் பேர் ரோட்டோரமாக நடந்து போகிறார்கள்! கைக்குழந்தையோடு போகிறவர்கள், காவடி தூக்கிப் போகிறவர்கள், இரவெல்லாம் நடக்கிறவர்கள். விடியற்காலையில் மார்க்கெட்டுக்குத் தக்காளியும் முருங்கையும் ஏற்றிக்கொண்டு டூ வீலரில் வரும் விவசாயிகள். பள்ளி விடும் நேரத்தில் சைக்கிளில் வரும் பிள்ளைகள். சக்கரம் மடங்கிய கார் போய் நிற்கும் இடம் ரோட்டோரம்தான். அந்த ஓரத்தில் இருப்பவர்களுக்கு உங்கள் பால் ஜாயிண்ட் பற்றி எதுவும் தெரியாது. அவர்கள் சார்பிலும் நாம்தான் பார்க்க வேண்டும்.

ஆசிரியர் புத்தி போகாது, ஒரு வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டு முடிக்கிறேன். இந்த வாரம் காரை நிறுத்தி, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பி வைத்து, எஞ்சினை அணைத்துவிட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, முன் சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பர் பூட் முழுசாக இருக்கிறதா, கிழிந்து கிரீஸ் வழிகிறதா? இதற்கு வண்டியைத் தூக்க வேண்டாம், கழற்ற வேண்டாம். அடியில் படுக்கவே வேண்டாம். கிழிந்திருந்தால் தள்ளிப் போடாமல் மெக்கானிக்கிடம் போங்கள். கிழியாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், கூலியும் கொடுங்கள்.

உங்கள் ஊரில் பார்த்துச் சொல்வதற்கு மெக்கானிக்குகள் கூலி வாங்குகிறார்களா, நீங்கள் கொடுக்கிறீர்களா? கமெண்டில் எழுதுங்கள். மெக்கானிக் நண்பர்கள் யாராவது படித்தால், நான் சொன்னதில் சேர்க்க வேண்டியதையும் எழுதுங்கள். மற்றவர்களுக்கும் பயன்படும்.



ஓய்வு பெற்ற இடைநிலை ஆசிரியை,
ஒட்டன்சத்திரம்.